அத்தையின் பக்கம் விழுந்த கருப்பு

இதை எழுதலாம் என்று நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, பிறகு அதே பக்கத்தில் புள்ளிக் கோலம் போட்டுப் பார்த்துவிட்டு மூடி வைத்தது எத்தனை வருடம் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு ஆடியிலும் எழுதிவிடுகிறேன் தாயே என்று வேண்டிக்கொள்வேன். ஆடி போய் ஆவணி வந்துவிடும். அம்மா இருக்கும்வரை அம்மாவுக்காக எழுதவில்லை. மாமா இருக்கும்வரை மாமாவுக்காக எழுதவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் எழுதாமல் இருந்தேனே, அது யாருக்காக? எனக்காகத்தான். 

செவ்வாய்க்கிழமை விளக்குப் பூசைக்கு என்னோடு உட்கார்ந்து திரி திரிக்கிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நாம் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயது. ஒவ்வொருத்தர் வயிற்றுக்குள்ளும் இப்படி ஒன்று செரிக்காமல் கிடக்கும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில். அப்பாவுக்குக் குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளி. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தை. அத்தைக்கு இருபத்திரண்டு இருக்கும். அம்மா விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னியதும் பேன் எடுத்ததும், காய்ச்சலில் நான் வாந்தி எடுத்தபோது கையை ஏந்தியதும் அத்தைதான்.

ஊருக்கு மேற்கே ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஃபேக்டரி இருந்தது. கிழங்கு அரைத்த கழிவுத் தண்ணீரை ஓடையில் விட்டுவிடுவார்கள். தை, மாசியில் காற்றுத் திரும்பினால் அந்தப் புளித்த நாற்றம் வீட்டுக்குள் வந்து சோற்றின் மேல் உட்காரும். நான் சொல்கிற காலம் முழுக்க எனக்கு அந்த நாற்றம்தான். இன்றைக்கும் எங்காவது கேமரா ஃப்ளாஷ் மின்னினால் முதலில் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

எனக்கு ராசியான கை என்று ஒரு பெயர். நான் முதல் குச்சி ஊன்றிய வருடம் கிழங்குக்கு நல்ல விலை வந்ததாம். அதிலிருந்து எங்கள் தெருவில் எதைத் தொடங்கினாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். புதுக் கறவை மாட்டின் முதல் பால், புது வண்டிக்கு முதல் எலுமிச்சம்பழம், எல்லாவற்றுக்கும் நான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தலையில் ஏறத்தானே செய்யும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கழுத்தில் தொங்கவிட்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற, இரண்டு கண் வைத்த பெட்டிக் கேமராவில் தொழில் பழகியவர். எதிர்க் கடையில் ஒருவன் கண்ணில் வைத்துப் பார்க்கிற புதுமாதிரிக் கேமரா வாங்கியதும் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை விற்றார். சேலத்துக்குக் கேமரா வாங்கப் போனபோது ராசிக்காக என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்.

சேலத்தில் ஒரு சந்துக்குள் வயதான படக்காரர் ஒருவர் இருந்தார். கண்ணில் புரை விழுந்துவிட்டதால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். கட்டில்மேல் ஒரு துண்டை விரித்து இரண்டு கேமராவை வைத்தார். ஒன்று சின்னது, புதுசு, பளபளப்பு. இன்னொன்று பெரியது. கருப்புப் பூச்சு மூலைகளில் தேய்ந்து உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது, விளக்கி விளக்கித் தேய்ந்த சொம்பு மாதிரி. மாமா இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார்.

“இது என்னங்க, இந்தக் கனம் கனக்குது?”

“கனம் இருந்தாத்தானுங்க கை ஆடாது. சின்னது பசங்க டூர் போறப்பத் தொங்க உட்டுட்டுப் போறது. தொழிலுக்கு இதுதான். லென்ஸு மாத்திக்கலாம், மழை தூறுனாலும் தாங்கும், கீழ உழுந்தாலும் எந்திரிச்சு வேல செய்யும். நானே அதோட மாடிப்படில உழுந்திருக்கறேன். நாந்தான் இன்னும் நொண்டறேன். அது நொண்டுல.”

மாமா சிரிக்கவில்லை. கேமராவைக் காதில் வைத்து, மேலே இருந்த எண் வட்டத்தைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு எண்ணிலும் ஒருமுறை சொடுக்கிக் கேட்டார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் முகம் அவருக்கு. பெரியவர் கேமராவின் முதுகைத் திறந்து உள்ளே இருந்த கருப்புத் துணித் திரையைக் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு முன் கதவு மாதிரி வைத்துக்கொண்டார். கையில் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் வாசம்.

“இங்க பாரு சாமி. இதுக்குள்ள ரெண்டு துணிக் கதவு. ஒண்ணு தொறந்துட்டே முன்னால ஓடும். இன்னொண்ணு மூடிட்டே பின்னால வரும். அறுவது வரைக்கும் முழுசாத் தொறந்து நிக்கும். அதுக்கு மேல வெச்சீன்னா, முன்கதவு போய்ச் சேர்றதுக்குள்ள பின்கதவு கெளம்பீரும். அப்ப ஃப்ளாஷ் மின்னுனா, மூடியிருக்கற பாதி கருப்பாப் போயிரும்.”

எண் வட்டத்தில் அறுபது மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதற்கு அடுத்தது நூற்றிருபத்தைந்து, வெள்ளை எழுத்து. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சொடுக்கு.

“ஃப்ளாஷ் போட்டா செவப்பத் தாண்டிராதீங்க” என்றார் மாமாவிடம்.

“பதினஞ்சு வருசமா ஃப்ளாஷ் போடறவனுங்க நான்” என்றார் மாமா. அவருடைய பழைய பெட்டிக் கேமராவில் இந்தத் தொல்லை கிடையாது. எந்த எண்ணில் வைத்தாலும் வெளிச்சம் முழுதாக விழும். அந்தப் பழக்கம்.

பெரியவர் என் கன்னத்தைத் தட்டினார். “மாமனுக்கு நீ நெனப்பூட்டு சாமி. அறுவது.”

பஸ்ஸில் ஊர் வரும்வரை வாய்ப்பாடு மாதிரி அறுபது, சிவப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேமரா என் மடியில் இருந்தது. ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்க்க விட்டார். சின்னச் சட்டத்துக்குள் முன் இருக்கைக்காரரின் காது மயிர்வரை தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அதை ஒருமுறையாவது அமுக்கிவிட வேண்டும். “ஃபிலிமு என்ன உங்கப்பன் ஊட்டுக் காட்டுலயா வெளையுது?” என்று பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. இந்த ஆசையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இதற்குத்தான் நான் விலைபோனேன்.

அந்தத் தை மாதமே அத்தைக்கு இடம் அமைந்தது. எடப்பாடிப் பக்கம், தறி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை ஒல்லி. பேசும்போது கீழே பார்ப்பார். அத்தைக்குப் பிடித்திருந்தது. சொல்லமாட்டாள், ஆனால் எனக்குத் தலை பின்னும்போது கை தாளம் போடும்.

உப்புச் சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்கிற நாள். மாமாவின் புதுக் கேமராவுக்கு முதல் விசேஷம். வெளியே நல்ல வெயில். மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்குவதை, தட்டு வரிசை வருவதை எல்லாம் நூற்றிருபத்தைந்தில் வைத்து எடுத்தார். வெயிலுக்கு அதுதான் சரி. பிறகு உள்ளே வந்து ஃப்ளாஷை மாட்டினார். எண் வட்டத்தைத் தொடவில்லை. நான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

“மாமா, செவப்புல இல்லீங் மாமா. அறுவது.”

“அக்கட்ட போ புள்ள. உன்ற கை படத்துல உழுகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுபடி சொன்னேன். தொடையில் கிள்ளினார். அத்தை மஞ்சள் சேலையில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சிரிக்காத அம்மிணி, பல்லுத் தெரியுது” என்றார் மாமா.

“தெரியட்டுமுங்க. எத்தனை இருக்குதுன்னு எண்ணிக்கறோம்” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. அதற்கும் ஒரு சிரிப்பு. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு ஃப்ளாஷ்.

அந்தக் கேமராவில் ஒன்று உண்டு. அமுக்கும் அந்தக் கணத்தில் உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே எழும்பிவிடும். எடுக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முன்னாலும் பின்னாலும் எல்லாம் தெளிவு. படம் விழுகிற அந்த இமைப்பில் மட்டும் குருடு. ஆகவே மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுவரைக்கும் அவர்மேல் குற்றமில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். காப்பி வேண்டாம் என்றார்கள். சேலத்தில் கழுவிய படங்கள் நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போயிருந்தன. அந்த அம்மா பையிலிருந்து அவற்றை எடுத்துக் கட்டில்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். ஓடைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டே வைத்தார். வெளியே எடுத்தது எல்லாம் பளிச்சென்று இருந்தது. உள்ளே எடுத்தது எல்லாம் பாதி. ஒரு பக்கம் மாப்பிள்ளை, வெளிச்சத்தில். மறுபக்கம் கருப்பு. கத்தியால் கோடு இழுத்து வெட்டியது மாதிரி, மைக்கருப்பு. அத்தையின் ஒரு கை மட்டும் மாப்பிள்ளை பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, உப்புத் தட்டோடு. ஆளைக் காணோம். பெண்ணை உட்காரவைப்பது எப்போதும் ஒரே பக்கம். கேமராவின் கருப்பும் எப்போதும் ஒரே பக்கம்.

“ஏனுங்க, புள்ளை இல்லாத படமெல்லாம் நல்லா இருக்குதுங்க. புள்ளை இருக்கற படத்துல புள்ளை மேல மட்டும் இப்பிடி உழுந்திருக்குது. எனக்குக் கையும் காலும் ஓடுலீங்க” என்றார் அந்த அம்மா. நல்ல மனுஷிதான். பயந்துவிட்டார்.

அப்பா, அங்கே வந்திருந்த மாமாவைப் பார்த்தார். “கேமராவுல கோளாறா மாப்ள?”

மாமா வெளியே எடுத்த படங்களைக் கையில் எடுத்துத் தட்டினார். “கேமராவுல கோளாறுன்னா இதெல்லாம் எப்பிடிங்க வந்துச்சு? அதே கேமரா, அதே ஃபிலிமு, அதே கை.”

நான் ஓடிப்போய் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, மாமா அறுவதுல வெக்கல. சேலத்துத் தாத்தா சொன்னாரு. நான் சொன்னேன், மாமா கேக்கல.” அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையாலேயே என் வாயை மூடினாள். புளிச்சாறு மூக்கில் ஏறியது.

“வாயத் தொறக்காத. மாமன் இப்பத்தான் வண்டிய வித்துக் கேமரா வாங்கியிருக்கறான். மாசி, பங்குனி முகூர்த்தம் பூரா அவங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறாங்க. படம் எடுக்கத் தெரியாதவன்னு பேராச்சுன்னா அவம் பொழப்பு போச்சு. உங்கத்தைக்கு என்ன, இந்த மாப்பிள்ளை இல்லீன்னா இன்னொரு மாப்பிள்ளை.”

அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். வேறு மாப்பிள்ளை வருவான், தம்பியின் பெயர்தான் போனால் வராது என்று. எவ்வளவு லேசாக எடை போட்டிருக்கிறாள்.

கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். ஜேடர்பாளையம் ஆற்றோரத்தில் இருக்கிற எங்கள் அம்மனிடம் பூக் கேட்டுவிடுவோம். வெள்ளைப் பூ வந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். சிவப்பு வந்தால் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துகொள்வோம். பூக் கேட்பது உங்களுக்குத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, விவரம் அறியாத பிள்ளையை எடுக்கச் சொல்வது. யார் எடுப்பது என்று பேச்சே எழவில்லை. ராசியான கை இருக்கிறதே.

கோயிலில் நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். கழுத்தில் கேமரா. பூசாரிக்கு உதவியாகப் பொட்டலத்தை அவர்தான் மடித்துக் கட்டியிருந்தார்.

“சாமி, ஒண்ணுல ரெட்டை முடிச்சுப் போட்டிருக்கறேன். அதுதான் வெள்ளை. அத எடுத்துரு. அத்தைக்கு நல்லது நடக்கோணுமல்ல? நாளைக்கு வாரேன். கேமராவ உன்ற கையில குடுக்கறேன், ஒரு படம் நீயே எடு.”

அம்மனிடம் கேட்கிற இடத்தில் ஏமாற்றுகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பது வயதுக்கு அது தெரியும். அத்தைக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைவிட, கேமரா. இரட்டை முடிச்சைத் தடவிப் பார்த்து எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

மாப்பிள்ளை ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா சொன்னதைத்தான் எடுத்தேன் என்று. மூன்றே சொல். பதிலாக, கூட்டம் கலைந்ததும் அவர் காதில் போய்க் கேட்டேன். “ரெட்டை முடிச்சுல வெள்ளைன்னீங்களே மாமா?”

“மாறிப் போச்சாட்ட இருக்குது. அம்மன் சித்தம். வெளிய சொன்னீன்னா சாமி கண்ணக் குத்தீரும். கேமரா வேணுமா, வேண்டாமா?”

வேண்டும் என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என்னை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ என்ன பண்ணுவ சாமி. அம்மன் சொல்றத உன்ற கை சொல்லுச்சு. அழுவாத.”

மறுநாள் மாமா சொன்னபடி வந்தார். கூலி கொடுக்கிற விஷயத்தில் நாணயக்காரர். கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். தோல் வாரில் அவர் வியர்வையும் சந்தனமும் கலந்து நாறியது. எண் வட்டத்தைப் பார்த்தேன். அறுபதுக்குப் பக்கத்தில், மறக்காமல் இருக்க, சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அதன் ஓரம் விரல் அழுக்கு ஏறிக் கருத்திருந்தது. ஒரே நாளில் ஏறுகிற அழுக்கு அல்ல. அதை ஒட்டியது கட்டில்மேல் படங்களைத் தட்டிப் பேசிய பிறகோ முன்போ தெரியாது. ஆனால் பொட்டலம் மடிப்பதற்கு முன்பே தன் தப்பு அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அத்தை களத்தில் கிழங்குச் சீவலைக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். நான் கேமராவைத் தூக்கியதும் முகத்தைக் கையால் மறைத்தாள்.

“என்னைய எடுக்காத சாமி. ஃபிலிமு கெட்டுப் போயிரும்.”

கை இறங்கும்வரை காத்திருந்து அமுக்கினேன். கண்ணுக்குள் ஒரு கணம் இருட்டியது.

அந்தப் படம் அத்தனை தெளிவு. மூக்குத்தியில் வெயில் பட்டது கூடத் தெரிகிறது. முழு முகம், இரண்டு பக்கமும் வெளிச்சம். மாமா அதை உறையில் போட்டு, “யாருகிட்டயும் காட்டாத” என்று கொடுத்தார். நான் காட்டவில்லை. பூசை மாடத்தில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினேன். கல்யாணமாகிப் போனபோது அம்மன் படத்தோடு கூடவே எடுத்துப்போனேன். தினமும் அதற்கு முன்னால்தான் விளக்கேற்றினேன். மாமா கொடுத்த ஃபிலிம் டப்பாவில், சாம்பல் நிற மூடி போட்ட அந்தக் கருப்பு டப்பாவில்தான், வெகுநாள் திருநீறு வைத்திருந்தேன். அது எங்கோ தொலைந்துபோயிற்று. தொலைந்தது நல்லது.

அத்தைக்கு வேறு மாப்பிள்ளை வரவில்லை. படத்துக் கதை எடப்பாடியிலிருந்து ஆத்தூர்வரைக்கும் போயிற்று. மாமாவோ மேலே மேலே போனார். அம்மனே சொல்லிவிட்டாள், கேமராவில் கோளாறில்லை என்று. அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்? அந்தக் கேமராவுக்கு ராசி என்று பெயர் வந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை கொடுப்பார்கள். நானும் போய் வாங்கித் தின்றிருக்கிறேன். இப்போது அது அவர் மகன் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. அந்தப் பொட்டு இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. போன வருடம் பார்த்தேன்.

இந்தத் தையில் என் பேரனுக்குக் காதுகுத்து. எல்லோரும் சேர்ந்து நிற்கச் சொல்லி என் மகன் போனைத் தூக்கினான். அத்தை வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டு எந்தப் படத்திலும் அவள் கிடையாது. பேத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்களும் வாங்க பெரியாத்தா.”

“நீங்க நில்லுங்க கண்ணு. நான் நின்னா படம் கருத்துப் போயிரும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழை வரும் என்பது மாதிரிச் சொன்னாள். நாற்பது வருடத்துக்கு மேல் அவள் தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருப்பது அது.

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது, சொடுக்கு, முடிச்சு, பொட்டு, கூலி. அத்தை படத்தைக் கண்ணுக்குக் கிட்டவும் எட்டவும் வைத்துப் பார்த்தாள்.

“எங்க வெச்சிருந்த?”

“அம்மன் படத்துக்குப் பொறத்தால.”

“அம்மன் மொதுகுக்கா காட்டிட்டு இருந்த? எம் மூஞ்சிக்கு ஒருக்காக் காட்டியிருக்கலாமல்ல.”

நான் காலில் விழுந்தேன். அவள் தூக்கவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “உங்கம்மாளுக்குத் தெரியுமா?”

அடுப்படியில் அம்மா புளிக்கையால் என் வாயை மூடியதை அப்போதுதான் சொன்னேன். என் அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். நான் மாமியார் வீட்டில் இருந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் வாரி, வாயில் கஞ்சி ஊற்றியது அத்தை.

“கஞ்சி குடிக்கறப்ப என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பா” என்றாள் அத்தை. “ஏதோ சொல்ல வாராளோன்னு நெனைப்பேன். முழுங்கீருவா.”

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். எழுதிப் போடு என்றாள். அவள் சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருக்குமாம், நான் எழுதினால்தான் ஊர் நம்புமாம். அம்மாவை மட்டும் விட்டுவிடட்டுமா, செத்துப்போனவள் என்று கேட்டேன்.

“அவள உட்டுட்டா எழுதவே வேண்டாம்” என்றாள்.

அதனால்தான் அம்மா இதில் இருக்கிறாள். இதைப் படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும். எடப்பாடிப் பக்கமும் ஆத்தூர்ப் பக்கமும் உறவு இருக்கிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு, சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். எனக்குத் தெரியும். மாமா செத்துவிட்டார் என்று அவர் கும்பிட்டதை எடுத்துவிடாதீர்கள். என் அம்மாவின் புளிக்கையைக் கழுவிவிடாதீர்கள். அம்மன்மேல் பழி போட்டுவிடாதீர்கள். அவளை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எச்சிலாக்கினோம், அவ்வளவுதான். இருக்கிறபடியே கொடுங்கள். இது அத்தை கேட்டுக்கொண்டது.

எழுதியதை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு தலையை முடிந்துகொண்டு வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றாள். “உன்ற போனுல எடு பாப்போம்” என்றாள்.